ஏறுகிறவர்களும் எதிரே வருகிறவர்களும்

1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் பிரிஜெட் டிரிஸ்கல் என்ற பெண்மணி மோட்டார் வண்டியொன்றில் அடிபட்டு இறந்தார். வயது 44. மகளோடு ஒரு விழாவுக்கு வந்தவர். வண்டி மணிக்கு நான்கு மைல் வேகத்தில்தான் சென்றது என்றார் அதை ஓட்டியவர். பயங்கரமான வேகத்தில் வந்தது என்றார்கள் கண்ணால் பார்த்தவர்கள். பிரிட்டனில் மோட்டார் காரால் இறந்த முதல் பாதசாரி அவர். விசாரணையின் முடிவில் அது விபத்து என்று தீர்ப்பாயிற்று. இப்படியொன்று இனி ஒருபோதும் நடக்காதிருக்கட்டும் என்று விசாரணை அதிகாரி விரும்பியதாகச் சொல்லப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் சாலைகளில் மாண்டவர்களின் தொகையை அறிந்த நமக்கு, அந்த விருப்பத்தைப் படிக்கையில் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

அதுவரை அந்நாட்டில் நடைமுறையில் இருந்த சட்டங்கள் வேடிக்கையானவை என்று இன்று எடுத்துக்காட்டப்படுவதுண்டு. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தானாக நகரும் எந்த வண்டிக்கும் முன்னால் 60 கஜ தூரத்தில் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். வேகம் நாட்டுப்புறத்தில் நான்கு மைல், ஊருக்குள் இரண்டு மைல். 1878இல் கொடி விலக்கப்பட்டது, ஆள் மட்டும் 20 கஜம் முன்னால் நடந்தால் போதும் என்றாயிற்று. டிரிஸ்கல் இறந்து மூன்று மாதங்களுக்குள், நவம்பர் 14 அன்று, அந்த ஆளும் அகற்றப்பட்டார். புதிய சட்டம் வேக வரம்பை 14 மைலாக உயர்த்தியது. அன்று லண்டனிலிருந்து பிரைட்டன்வரை மோட்டார் வண்டிக்காரர்கள் ஊர்வலம் போனார்கள். அதற்கு 'விடுதலை ஓட்டம்' என்று பெயர். விடுதலை யாருக்கு என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஓட்டுநர் இல்லாத கார்களைப் பற்றிய இன்றைய பேச்சில் 'மக்கள் ஏற்பு' என்ற சொற்றொடர் அடிக்கடி வருகிறது. ஏழைகள், கறுப்பினத்தவர், முதியோர், குறைவாகப் படித்தவர்கள் இந்தக் கார்களை ஏற்கத் தயங்குகிறார்கள். வசதியுள்ளவர்கள், நகரவாசிகள், இளைஞர்கள் ஆர்வம் காட்டுகிறார்கள் என்பதாக ஒரு சித்திரம் தீட்டப்படுகிறது. தயக்கத்தை அறியாமையின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. அந்தக் கணக்கு சரிதானா என்று பார்க்க, ஓட்டுநர் உள்ள கார் முதன்முதலில் தெருவுக்கு வந்தபோது யார் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்று கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம் என நினைக்கிறோம்.

தொடக்கத்தில் கார் பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்தது. 1906இல், அப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த உட்ரோ வில்சன், மோட்டார் காரைப் போல் இந்நாட்டில் சமதர்ம உணர்வைப் பரப்பியது வேறொன்றில்லை என்று எச்சரித்தார். செல்வத்தின் திமிர் புழுதி கிளப்பியபடி ஊர் வழியே போவதை உழவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவருடைய கவலை. (இதே வில்சன் பின்னாளில் குடியரசுத் தலைவராகி, காரில் உலாப் போவதில் பெருவிருப்பம் கொண்டவரானார். சாலை அமைக்க மாநிலங்களுக்கு ஒன்றிய அரசின் பணம் தரும் 1916ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே.) ஸ்விட்சர்லாந்தின் மலைப்பகுதியான கிராபுண்டன் மாநிலம் 1900இல் கார்களை முற்றாகத் தடை செய்தது. வாக்கெடுப்பு மேல் வாக்கெடுப்பு நடந்தும் மக்கள் அந்தத் தடையை 1925வரை விடவில்லை. அவ்வழியே காரில் வந்த சுற்றுலாச் செல்வந்தர்கள் காருக்குக் குதிரை பூட்டி இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. சாலைக்கு வரி கட்டிப் பராமரித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அதைப் பழுதாக்கிக் கால்நடையை மிரட்டிச் சென்றவர்கள் வெளியூர்க்காரர்கள். இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

அமெரிக்க உழவர்களின் மனம் மாறியது யாரும் பிரசாரம் செய்ததால் அன்று. 1908இல் 850 டாலருக்கு வந்த ஃபோர்டின் மாடல் டி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. உழவர் அதை வாங்க முடிந்தது, தாமே பழுது பார்க்க முடிந்தது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் பட்டையை மாட்டி, மரம் அறுக்கவும் தானியம் அரைக்கவும் பயன்படுத்தினார்கள். சாலையோரத்தில் நின்று புழுதியைத் தின்றவர் இப்போது திசைமாற்றிச் சக்கரத்தின் பின்னால் உட்கார்ந்தார். அந்த இடமாற்றத்துக்குப் பின்னர்தான் 'ஏற்பு' வந்தது.

*

இன்னொரு கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இது அதிகம் பேசப்படாதது. 1905இல் டென்னசி மாநிலம் டிராம் வண்டிகளில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து உட்காரவைக்கும் சட்டத்தை இயற்றியது. ஜூலை மாதம் அது நடைமுறைக்கு வந்தது. நாஷ்வில் நகரக் கறுப்பினத்தவர்கள் டிராமைப் புறக்கணித்தார்கள். பின்னாளில் மான்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் எழ மறுத்ததற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பு இது நடந்தது. புறக்கணிப்போடு நின்றுவிடாமல், மதபோதகரும் ஈமச்சடங்குத் தொழில் நடத்தியவருமான பிரெஸ்டன் டெய்லர், பாப்டிஸ்ட் பதிப்பகத்தின் தலைவர் ஆர். எச். பாய்ட் முதலியோர் சேர்ந்து யூனியன் டிரான்ஸ்போர்ட்டேஷன் கம்பெனி என்றொரு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அது வாங்கியவை மோட்டார் ஊர்திகள். முதலில் நீராவியால் ஓடுபவை. நாஷ்வில்லின் மேடுகளில் அவை திணறின. பிறகு மின்கல ஊர்திகள். மாடல் டி பிறக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. நாட்டுப்புறத்தில் காரைக் கண்டாலே கல்லெறிந்த காலம் அது. அந்தக் காலத்தில், நகரத்தின் மிக ஒடுக்கப்பட்ட மக்கள் மிகப் புதிய பொறியைத் தயக்கமின்றித் தழுவிக்கொண்டார்கள். காரணம் வெளிப்படையானது. அந்த வண்டியில் அவர்களைப் பின்னிருக்கைக்குப் போகச் சொல்ல யாரும் இல்லை.

நிறுவனம் நீடிக்கவில்லை. வண்டிகள் போதவில்லை, மின்னேற்றுவதில் சிக்கல், போதாக்குறைக்கு நகராட்சி மின்சார ஊர்திகளின் மேல் ஒரு வரியை விதித்தது. 1906இல் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆனாலும் காருக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கும் இடையிலான அந்த உறவு தொடர்ந்தது. 1955-56இல் மான்ட்கமரிப் பேருந்துப் புறக்கணிப்பு ஓராண்டுக்கு மேல் தாங்கியது, சொந்தக் கார்களில் ஒருவரையொருவர் ஏற்றிச்சென்ற ஏற்பாட்டினால்தான். 1936 முதல் விக்டர் ஹ்யூகோ கிரீன் வெளியிட்ட 'கிரீன் புக்' என்ற வழிகாட்டி, எந்த ஊரில் கறுப்பினப் பயணி தங்கலாம், எங்கே உணவு கிடைக்கும் என்று ஆண்டுதோறும் பட்டியலிட்டது. கார் அவர்களுக்குச் சுதந்திரமாகவும் இருந்தது. வழியில் காவலர் நிறுத்தும்போது ஆபத்தாகவும் இருந்தது.

அதே காருக்காக 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நெடுஞ்சாலைகள் போடப்பட்டபோது, அவை எந்தெந்த வீடுகளின்மேல் போயின என்பதும் வரலாறு. செயின்ட் பால் நகரின் ராண்டோ, மயாமியின் ஓவர்டவுன், நியூ ஆர்லியன்ஸின் கிளெய்போர்ன் அவென்யு என்று கறுப்பினத்தவர் கடை வைத்து, வழிபாட்டிடம் கட்டி, நடந்து திரிந்த தெருக்கள் அறுத்து எறியப்பட்டன. புறநகரில் குடியேறிய வெள்ளையர்கள் அலுவலகத்துக்கு விரைவாகப் போய்வர அந்தச் சாலைகள் உதவின. புதிய பொறியின்மேல் ஒரு சமூகம் ஐயுறவு கொள்ளும்போது, அது பொறியைப் பற்றிய ஐயமா, பொறியோடு சேர்ந்து வரும் வரைபடத்தைப் பற்றிய ஐயமா என்று கருத்துக்கணிப்பாளர்கள் கேட்பதில்லை.

*

நகரத் தெரு எப்படிக் காருக்குச் சொந்தமானது என்பதை பீட்டர் நார்ட்டன் 2008இல் வெளிவந்த 'ஃபைட்டிங் டிராஃபிக்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1920களின் தொடக்கம்வரை அமெரிக்க நகரங்களில் தெரு என்பது நடப்பதற்கும், நின்று பேசுவதற்கும், பிள்ளைகள் விளையாடுவதற்கும் உரிய இடம்; வண்டி ஓட்டுபவன்தான் பார்த்துப் போக வேண்டும். குழந்தைகள் அடிபட்டு இறந்தபோது நகரங்கள் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பின. குற்றம் காரின்மேல் விழுந்தது. 1923இல் சின்சினாட்டி நகரில் 42,000 பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். ஒவ்வொரு காரிலும், 25 மைலுக்கு மேல் வேகம் போக முடியாதபடி ஒரு கருவி பொருத்தப்பட வேண்டும் என்பது கோரிக்கை. கார் விற்பனையாளர்கள் திரண்டு எழுந்தார்கள், பணம் திரட்டிப் பிரசாரம் செய்தார்கள், நவம்பர் வாக்கெடுப்பில் அந்தக் கோரிக்கை தோற்றது.

கார்த் தொழில் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. வேகத்தைப் பற்றிப் பேசினால் தோற்றாலும் தோற்கலாம். நடப்பவரின் ஒழுங்கைப் பற்றிப் பேசினால் வெல்லலாம். 'ஜேவாக்கர்' என்ற சொல் அப்போதுதான் பரவலானது. 'ஜே' என்றால் பட்டணத்து நடைமுறை தெரியாத நாட்டுப்புறத்தான் என்று பொருள்; நம்மூரில் பட்டிக்காட்டான் என்று ஏசுவதைப் போல. சாலையைத் தன் விருப்பப்படி கடப்பவன் பட்டிக்காட்டான். சாரணச் சிறுவர்கள் தெருவில் நின்று இப்படிக் கடப்பவர்களிடம் அறிவுரைச் சீட்டுக் கொடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் 1925இல் பாதசாரிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது; ஹெர்பர்ட் ஹூவர் வணிகத் துறைச் செயலராக இருந்தபோது உருவான மாதிரிப் போக்குவரத்துச் சட்டம் அதை ஒட்டியே எழுதப்பட்டு, நாடெங்கும் பரவியது. ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளில், அடிபட்டவர் குற்றவாளியானார். சட்டம் எழுதியவர்கள் பெரும்பாலும் கார் வைத்திருந்தவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த விதிகள் எவர்மேல் பாய்ந்தன என்பது நூறாண்டு கழித்து அரசுகளே ஒப்புக்கொண்ட செய்தி. ஆபத்தில்லாத நேரத்தில் சாலையைக் கடந்ததற்காகக் காவலர் அபராதம் விதிப்பதைக் கலிஃபோர்னியா 2023 முதல் நிறுத்தியது. நியூயார்க் நகரம் 2024இல் அந்தக் குற்றத்தையே நீக்கியது. கறுப்பினத்தவரும் லத்தீன் இனத்தவரும்தான் மிகுதியாக அபராதம் கட்டினார்கள் என்பது இரண்டு இடங்களிலும் முன்வைக்கப்பட்ட வாதம்.

*

இனி ஓட்டுநர் இல்லாக் காருக்கு வருவோம். 2018இல் அமெரிக்க மோட்டார் சங்கம் நடத்திய கணிப்பில், முழுமையாகத் தானே ஓடும் காரில் ஏற அஞ்சுவதாகச் சொன்ன ஓட்டுநர்கள் 73 விழுக்காடு. பியூ ஆய்வு மையம் 2022இல் வெளியிட்ட கணிப்பில், வாய்ப்புக் கிடைத்தாலும் ஏற விரும்பவில்லை என்றவர்கள் 63 விழுக்காடு. ஆண்கள், இளையவர்கள், கல்லூரிப் படிப்புள்ளவர்கள் மற்றவர்களைவிட ஆர்வமாக இருக்கிறார்கள். இந்த எண்களை நாம் மறுக்கவில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்வியைக் கவனியுங்கள்: 'நீங்கள் ஏறுவீர்களா?' ஏறுபவருக்குத்தான் இந்தக் கேள்வி. அந்தக் கார் ஓடும் தெருவில் நடக்கிறவர், மிதிவண்டியில் போகிறவர், பேருந்துக்காக நிற்கிறவர் ஆகியோரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

ஏறுவதென்று வந்தாலும்கூட, பின்தங்கியவர்கள் எல்லாரும் மறுக்கிறார்கள் என்பது உண்மையில்லை. ஏறத்தாழ முழுப் பார்வையும் இழந்த ஸ்டீவ் மாகன், 2015இல் டெக்சாசின் ஆஸ்டின் நகரத்துச் சாலைகளில் கூகிளின் காரில் தன்னந்தனியாகப் பயணம் செய்தார். பொதுச்சாலையில் ஓட்டுநரே இல்லாமல் ஒருவர் பயணித்த முதல் நிகழ்ச்சி அது என்று நிறுவனம் அறிவித்தது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, செயலி வழியே கார் அழைப்பதில் இனப் பாகுபாடு இருப்பதைக் காட்டியது. பாஸ்டனில் ஊபர் ஓட்டுநர்கள், கறுப்பினத்தவருடையது எனத் தோன்றும் பெயரைக் கண்டால் பயணத்தை ரத்து செய்வது வெள்ளையர் பெயர்களைவிட இருமடங்குக்கு மேல் இருந்தது. இயந்திரம் பெயரைப் பார்த்து முகம் சுளிக்காது. நாஷ்வில்லின் 1905 கதை இங்கே நினைவுக்கு வராமல் இருக்குமா?

2023 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இந்தக் கார்கள் இரவும் பகலும் நகரமெங்கும் கட்டணம் வாங்கி ஓடலாமா என்று மாநில ஆணையம் முடிவு செய்த நாளில், பொதுமக்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். நாயோடு வந்தால் ஓட்டுநர்கள் எங்களை ஏற்றுவதில்லை, இந்தக் கார் ஏற்றுகிறது என்றார்கள் பார்வையற்றோர் சிலர். இதில் சக்கர நாற்காலியை ஏற்ற வழியே இல்லை என்றார்கள் வேறு மாற்றுத்திறனாளிகள். தீயணைப்புத் துறை தங்கள் வண்டிகளுக்குக் குறுக்கே இவை நின்றுவிடுகின்றன என்றது. வாடகைக் கார் ஓட்டுநர்கள் எங்கள் பிழைப்பு என்றார்கள். ஆணையம் மூன்றுக்கு ஒன்று என்ற வாக்கில் அனுமதி தந்தது. எதிர்த்தவர்களுள் சிலர் அதற்கு முன்பே எளிய வழியொன்றைக் கண்டிருந்தார்கள்: காரின் முன்மூடிமேல் சாலையோர ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வைத்தால் அது அசையாமல் நின்றுவிடும். ஒரு வகையில் அதுவும் சிவப்புக் கொடிதான். அக்டோபர் 2 அன்று, மனிதர் ஓட்டிய வேறொரு காரில் அடிபட்டு விழுந்த பெண்ணொருவரை க்ரூஸ் நிறுவனத்தின் கார் ஏறத்தாழ 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. இழுத்துச் சென்ற பகுதியை நிறுவனம் மறைத்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அம்மாத இறுதிக்குள் அனுமதி போயிற்று. 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த முயற்சிக்கே முற்றுப்புள்ளி வைத்தது.

பிழைப்பைப் பற்றிய அச்சம் அமெரிக்காவோடு நிற்பதில்லை. 2024இல் சீனாவின் வூகான் நகரில் பைடு நிறுவனத்தின் ஆளில்லா வாடகைக் கார்கள் மலிவுக் கட்டணத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, வாடகைக் கார் நிறுவனமொன்று அரசிடம் முறையிட்டது. நாடெங்கும் அது பேச்சானது. இந்தியாவில் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017இலும் பின்னர் 2023இலும், ஓட்டுநர்களின் வேலையைப் பறிக்கும் இந்தக் கார்களை அனுமதிக்க மாட்டோம் என்று சொன்னார். ஓட்டுவது வசதியுள்ளவரின் சலிப்பாக உள்ள நாட்டிலும், ஓட்டுவது லட்சக்கணக்கானவர்களின் அன்றாடச் சோறாக உள்ள நாட்டிலும் 'ஏற்பு' என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இருக்க முடியாது.

*

கடைசியாக அரிசோனா. 2015இல் அம்மாநில ஆளுநர் இந்தச் சோதனைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். 2016 டிசம்பரில் கலிஃபோர்னியா ஊபரின் கார்களுக்குப் பதிவை ரத்து செய்ததும், எங்களிடம் வாருங்கள் என்று வெளிப்படையாக அழைத்தார். யாரைச் சோதிக்கிறார்கள் என்று தெருக்காரர்களிடம் கேட்கப்படவில்லை. சாண்ட்லர் நகரில் வேமோவின் கார்கள்மேல் கல் விழுந்தது, டயர் கிழிக்கப்பட்டது, ஒருவர் துப்பாக்கியைக் காட்டினார். இரண்டாண்டுகளில் இப்படிச் சுமார் இருபது நிகழ்ச்சிகள் என 2018 இறுதியில் செய்தித்தாள்கள் எழுதின. எங்கள் பிள்ளைகள் விளையாடும் தெருவை ஏன் சோதனைச்சாலை ஆக்குகிறீர்கள் என்பதே அவர்கள் தரப்பு.

அதற்கு முன்பே, 2018 மார்ச் 18 இரவு பத்து மணியளவில், டெம்பே நகரின் மில் அவென்யூவில் இலேய்ன் ஹெர்ஸ்பர்க் என்ற 49 வயதுப் பெண் இறந்திருந்தார். வீடற்றவர். மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு அகலமான சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அதன் கைப்பிடியில் பைகள் தொங்கின. ஊபரின் சோதனைக் கார் மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே அவரைக் கண்டுவிட்டது. கண்டதே தவிர, என்னவென்று அதற்குத் தெரியவில்லை. ஒரு கணம் வாகனம் என்றது, ஒரு கணம் இன்னதென்று தெரியாத பொருள் என்றது, ஒரு கணம் மிதிவண்டி என்றது. வகை மாறும்போதெல்லாம் அவர் எங்கே போகிறார் என்ற கணிப்பைப் புதிதாகத் தொடங்கியது. காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த தானியங்கி அவசர நிறுத்தம், சோதனைக்காக முடக்கப்பட்டிருந்தது. கண்காணிக்க உள்ளே இருந்த ஊழியர் கைப்பேசியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 நவம்பரில் தன் முடிவுகளை அறிவித்தபோது வெளிவந்த ஒரு செய்தி நம்மை உலுக்கியது. பாதசாரிக் கோடு இல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற எண்ணமே அந்த நிரலில் இருக்கவில்லை. 1920களில் சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டது, 2018இல் இயந்திரத்தின் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. சட்டமாக இருந்தவரை அது ஒரு பொறுப்பைத்தான் மாற்றியது. நிரலானபோது, கோட்டுக்கு வெளியே நடப்பவரை அது மனிதராகவே காணவில்லை. கோட்டுக்கு வெளியே நடக்க நேர்பவர்கள் எவர் என்று ஊர் ஊராகப் பார்த்தால் தெரியும்: கார் இல்லாதவர்கள், வீடு இல்லாதவர்கள், பாதசாரிக் கோடுகள் தொலைதூரத்தில் இருக்கும் பகுதிகளில் பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்கள். 2023இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பெய்ஜிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வொன்று, பாதசாரிகளைக் கண்டறியும் மென்பொருள்களைச் சோதித்து, அவை பெரியவர்களைக் கண்டறியும் துல்லியம் சிறுவர்களைவிட ஏறத்தாழ 20 விழுக்காடும், வெளிர்நிறத்தவரைக் கண்டறிவது கருநிறத்தவரைவிட ஏழரை விழுக்காடும் மிகுதி என்று காட்டியது. ஆராயப்பட்டவை பொதுவெளியில் கிடைக்கும் மென்பொருள்கள். நிறுவனங்கள் தம் கார்களில் வைத்திருப்பவற்றை வெளியே காட்டுவதில்லை.

ஊபர்மேல் குற்ற வழக்குத் தொடர ஆதாரமில்லை என்று 2019 மார்ச்சில் அரசு வழக்கறிஞர் முடிவு செய்தார். உள்ளே இருந்த ஊழியர்மேல் வழக்கு நடந்தது. 2023 ஜூலையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டுக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். முன்பெல்லாம் காரில் இருவர் இருந்தார்கள்; விபத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் நிறுவனம் அதை ஒருவராகக் குறைத்திருந்தது.

அமெரிக்காவில் காரால் இறந்த முதல் பாதசாரியாகக் கருதப்படும் ஹென்றி பிளிஸ், 1899 செப்டம்பர் 13 அன்று நியூயார்க்கில் டிராமிலிருந்து இறங்கும்போது மின்சார வாடகைக் காரில் அடிபட்டு மறுநாள் இறந்தார். காருக்குள் இருந்த பயணி, நகரின் முன்னாள் மேயருடைய மகனான மருத்துவர். நூறாண்டு நிறைவில், 1999இல், பிளிஸ் விழுந்த இடத்தில் அவர் பெயரால் ஒரு பலகை பதித்தார்கள். ஹெர்ஸ்பர்க் விழுந்த இடத்திலும் நகராட்சி ஒரு வேலை செய்தது. அந்தச் சாலையின் நடுத்திட்டில், குறுக்கே நடந்துபோக அழைப்பதைப் போல, செங்கல் பாவிய நடைபாதை இருந்தது. 'இங்கே கடக்காதீர்' என்ற பலகையும் அதன் அருகிலேயே இருந்தது. பின்னர் அந்தச் செங்கற்களைப் பெயர்த்துவிட்டுச் செடிகளை நட்டார்கள்.